குகைக்கு வயதெல்லை வகுப்போருக்கு ஒரு மறுப்பு

கண்டியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும், குறிப்பாகக் கட்டுகஸ்தோட்டையிலிருந்து அக்குறணை, அலவத்துகொட வழியாக மாத்தளைக்குச் செல்லும் ஏ9 வீதியை அண்டி வாழும் தமிழ் பேசும் குடும்பங்களிடையே, குகைகளைப் பற்றி ஒரு கருத்து கேள்விக்கு உட்படாமலே நிலைத்திருக்கிறது. சிறு பிள்ளைகளைக் குகைக்குக் கூட்டிச் செல்லக் கூடாது என்பதும், பத்துப் பன்னிரண்டு வயதாகி, வரலாற்றுப் பாடத்தில் வலகம்பா மன்னனைப் பற்றிப் படித்த பிறகு பாடசாலைச் சுற்றுலாவில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுமே அந்தக் கருத்து. அதற்குச் சொல்லப்படும் காரணங்களும் எல்லாருக்கும் பழகியவை: உள்ளே இருட்டு, பிள்ளை பயந்துவிடும், வௌவால் இருக்கும், நோய் தொற்றும், பாறை வழுக்கும், வெள்ளம் வரும், அழுது மற்றவர்களின் வழிபாட்டைக் கெடுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வயதில் பார்த்தது எதுவும் நினைவில் நிற்காது, ஆகவே செலவும் அலைச்சலும் வீண். பிள்ளையைக் காக்க நினைப்பவர்களே இதைச் சொல்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தக் கருத்து நம் நாட்டுக் குகை எப்படிப்பட்டது என்பதையும் அறியவில்லை, நான்கு வயதுப் பிள்ளை ஒன்றை எப்படி அறிந்துகொள்கிறது என்பதையும் அறியவில்லை.

உலகின் எல்லாக் குகைகளையும் ஒன்றாகக் கருதுவதிலேயே பிழை தொடங்குகிறது. மண்ணிலும் காற்றிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகும் மழைநீர், சுண்ணாம்புக் கல்லை நெடுங்காலம் அரித்து உருவாக்கும் குகைகள் ஒரு வகை. அவை நிலத்துக்கடியில் நீண்டு, கிளை பிரிந்து, சில இடங்களில் ஆறுகளையும் தம்முள் ஓடவிடுபவை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1941 இல் தேசியப் பூங்காவாக நிறுவப்பட்ட மாமத் குகை அவ்வகையைச் சேர்ந்தது. அங்கே இதுவரை அளந்து வரையப்பட்ட வழிகளின் நீளம் 680 கிலோமீற்றருக்கும் அதிகம். மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் உள்ள முலு தேசியப் பூங்காவின் குகைகளும் அத்தகையவையே. இலங்கையிலும் எம்பிலிப்பிட்டியப் பக்கமாக உள்ள வவுல்பனை போன்ற சில சுண்ணாம்புக் குகைகள் உண்டு. அதனூடாக ஓர் ஓடை ஓடுகிறது, வௌவால்கள் ஏராளமாக வாழ்கின்றன. ஆனால் கண்டி, மாத்தளை மாவட்டத்துக் குடும்பமொன்று காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பக்கூடிய தொலைவில் உள்ள பெயர்பெற்ற குகைகள் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. தம்புள்ளைக் குகைகள், மிகுந்த வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய, நைஸ் எனப்படும் கடும்பாறையின் அடிவயிறு காலப்போக்கில் உதிர்ந்து உண்டான அகன்ற ஒதுக்கிடங்கள். அலுவிகாரைக் குகைகள் பெரும்பாறைகளின் அடியிலும் இடுக்கிலும் அமைந்தவை. அவற்றின் முகப்பில் பின்னாளில் சுவரெழுப்பிக் கதவு வைத்தார்களே தவிர, உள்ளே கிளைவழிகள் கிடையாது. நுழைந்த வாசலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் பின்சுவர் வந்துவிடும் இடத்தில் பிள்ளை தொலைந்துபோக வழியே இல்லை.

வெள்ளத்தைப் பற்றிய அச்சமும் இத்தகைய கலப்பிலிருந்தே பிறந்தது. 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் வடக்கே தாம் லுவாங் குகைக்குள் சென்ற 12 சிறுவர்களும் அவர்களுடைய காற்பந்துப் பயிற்சியாளரும் திடீர் வெள்ளத்தால் உள்ளே அகப்பட்டு, ஜூலை 2 அன்று சுழியோடிகளால் கண்டுபிடிக்கப்பட்டு, ஜூலை 8 முதல் 10 வரை வெளியே கொண்டுவரப்பட்டதை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. மீட்புப் பணியில் ஈடுபட்ட முன்னாள் கடற்படைச் சுழியோடி சமான் குனான் உயிரிழந்தார். அந்த நாட்களில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த பெற்றோரின் மனத்தில் குகை என்றாலே நீர் நிரம்பிய சுரங்கம் என்ற படம் பதிந்துவிட்டது. அந்த நிகழ்ச்சி உண்மையில் எதைக் காட்டுகிறது? அகப்பட்டவர்கள் கைக்குழந்தைகள் அல்லர். 11 முதல் 16 வயது வரையான, நன்றாக ஓடியாடும் சிறுவர்கள். அவர்களை ஆபத்தில் தள்ளியது பருவமழை. கிலோமீற்றர் கணக்கில் உள்நோக்கி நீளும் சுண்ணாம்புக் குகைக்குள் மழைக்காலம் தொடங்கும் வேளையில் போனதே காரணம். ஆகவே அதிலிருந்து பெறத்தக்க பாடம் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும் என்பதுதான். மத்திய மலைநாட்டிலும் அதற்கு வடக்கேயும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமின்னலோடு மழை கொட்டுவது வழக்கம். மொட்டைப் பாறையில் மின்னல் நேரத்தில் நிற்பது எந்த வயதினருக்கும் ஆபத்து. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் மலைவீதியில் பயணம் செய்வதும் அப்படியே. இந்த எச்சரிக்கைகளைப் புறக்கணித்து ஏப்ரல் விடுமுறையில் பிற்பகல் மூன்று மணிக்குப் பத்து வயதுப் பிள்ளையைப் பாறையேற்றுகிறவர், வறண்ட மாதத்தில் காலை எட்டு மணிக்கு நான்கு வயதுப் பிள்ளையைக் கூட்டிச் செல்பவரைவிடப் பொறுப்பானவர் ஆகமாட்டார்.

வௌவாலைப் பற்றிய வாதம் மற்றவற்றைவிட வலுவானது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கென்யாவின் எல்கன் மலைத் தேசியப் பூங்காவில் உள்ள கிட்டும் குகைக்குச் சென்றவர்களில் ஒருவர் 1980 இலும், ஒரு சிறுவன் 1987 இலும் மார்பர்க் என்னும் கொடிய வைரசு நோயால் இறந்தார்கள். உகண்டாவில் மலைப்பாம்புக் குகை எனப்படும் வௌவால் குகையைப் பார்த்த ஐரோப்பியப் பயணி ஒருவர் 2008 இல் அதே நோயால் இறந்தார். எகிப்தியப் பழந்தின்னி வௌவால்கள் அந்த வைரசைத் தாங்கி வாழ்வது பின்னர் உறுதிப்படுத்தப்பட்டது. காய்ந்த வௌவால் எச்சத்தின் தூசியோடு உள்ளே போகும் ஒரு பூஞ்சை, நுரையீரலைத் தாக்கும் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்னும் நோயை உண்டாக்கக்கூடும் என்பதும் மருத்துவம் அறிந்ததே. எனவே வௌவால் கூட்டம் குடியிருக்கும், எச்சம் தரையில் படிந்த குகைக்குள் சிறு பிள்ளையைக் கொண்டுசெல்லக் கூடாது என்பதில் இக்கட்டுரைக்கும் எதிர்க்கருத்துடையோருக்கும் வேறுபாடு இல்லை. வவுல்பனையின் உட்பகுதி சிறு பிள்ளைக்குரிய இடமன்று. ஆனால் அதிலிருந்து தம்புள்ளையும் அலுவிகாரையும் ஆகாதவை என்ற முடிவுக்குத் தாவ முடியாது. அவை நாள்தோறும் கூட்டித் துடைக்கப்படும், விளக்கேற்றப்படும் வழிபாட்டிடங்கள். இதே பெற்றோர் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்களின் கீழே பிள்ளையை நடத்திச் செல்கிறார்கள். பூங்காவுக்கு மிக அருகிலுள்ள கன்னொருவையின் பெயரைத் தாங்கிய, விசர்நாய்க்கடி நோயின் வைரசுக்கு உறவான ஒரு வைரசு, இலங்கையின் அதே இனப் பழந்தின்னி வௌவால்களிடம் கண்டறியப்பட்டு 2016 இல் அறிவிக்கப்பட்டது. அதற்காகப் பூங்காவுக்குப் போக வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை, சொல்லவும் தேவையில்லை. விழுந்துகிடக்கும் வௌவாலைத் தொடாதே, தொட்டுவிட்டால் உடனே கழுவி வைத்தியசாலைக்குப் போ என்ற விதி அங்கே போதுமானதாக இருக்கிறது. குகைக்கும் அதே விதி போதும். தம்புள்ளையில் உண்மையாகவே கவனிக்க வேண்டியவை வேறு: கையில் தின்பண்டத்தோடு வரும் பிள்ளையிடமிருந்து அதைப் பறிக்கும் குரங்குகள், நண்பகல் வெயிலில் செருப்பில்லாத சிறு பாதங்களைச் சுடும் கல்தரை. தடிப்பான காலுறையும் காலைநேரமும் இரண்டாவதைத் தீர்க்கும். தின்பண்டத்தைப் பைக்குள் வைத்திருந்தால் முதலாவதும் தீர்ந்தது.

இனி, இருட்டு. இரண்டு வயது முதல் ஆறு வயது வரை இருட்டுக்கு அஞ்சுவது பிள்ளைகளின் இயல்பு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் குகைவாசலில் பிள்ளை அழுவதற்குப் பெரும்பாலும் காரணமாவது பெரியவர்களின் அவசரம். மனிதக் கண் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழகச் சிறிது காலம் எடுத்துக்கொள்கிறது: நிறங்களைக் காணும் கூம்புக் கலங்கள் முதல் சில நிமிடங்களில் ஓரளவு பழகிவிடுகின்றன, மங்கலில் உருவங்களைக் காணும் கோல் கலங்கள் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் வரை ஆகின்றன. கண்கூசும் வெயிலிலிருந்து பிள்ளையைக் கைபிடித்து நேராக உள்ளே இழுத்தால், அது முதலில் எதிர்கொள்வது எதுவும் தெரியாத ஒரு கறுப்புவெளியையே. பக்கத்தில் நிற்கும் தாயின் முகம்கூடத் தெரியாத நிலையில் அழாத பிள்ளைதான் வியப்புக்குரியது. வாசலின் நிழலில் கால்மணி நேரம் உட்கார்ந்து, உள்ளே என்ன தெரிகிறது என்று கேட்டுக் கேட்டுப் பார்க்கவிட்டால், அதே இருட்டிலிருந்து முதலில் ஒரு தூணும், பிறகு ஒரு கையும், பிறகு படுத்த நிலையில் ஒரு பெரிய முகமும் தாமாகவே துலங்கி வரும். பிள்ளையின் பயம் அப்போது ஆவலாக மாறுவதற்கு அறிவுரை எதுவும் தேவைப்படாது. தம்புள்ளையின் முதற்குகையான தேவராஜ லேனையில் ஒரே பாறையில் வடித்த 14 மீற்றர் நீளமான சயனநிலைப் புத்தர் சிலையைப் பாதத்திலிருந்து தலைவரை மெல்ல நடந்து பார்ப்பது, வரிசையில் தள்ளப்பட்டு ஒரு நிமிடத்தில் கடந்துபோகும் பெரியவரைவிட, மெதுவாக நடக்கும் சிறு பிள்ளைக்கே இயல்பாக வாய்க்கும். இருட்டு கெட்டது என்று சொல்லி அதைப் பார்க்காமலே வளர்க்கப்படும் பிள்ளைக்கு அந்தப் பயம் நீங்குவதில்லை; மின்வெட்டு நாளில் அது மீண்டும் தலைகாட்டும்.

எதிர்வாதத்தின் மையம், நினைவில் நிற்காது என்பதே. பெரியவர்களால் நினைவுகூர முடிந்த மிகப் பழைய நிகழ்ச்சி சராசரியாக மூன்று, மூன்றரை வயதைச் சேர்ந்தது என்பதும், அதற்கு முந்தியவை பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன என்பதும் உளவியலில் குழந்தைக்கால மறதி எனப்படும் நன்கறிந்த உண்மை. அதனால் அனுபவமே வீண் என்று முடிவுசெய்வது தவறு என்பதை நம் குடும்பங்களின் நடைமுறையே காட்டுகிறது. சோறூட்டலும் ஏடுதொடக்கலும் பிள்ளைக்கு நினைவிருக்கும் என்று எதிர்பார்த்தா செய்யப்படுகின்றன? மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் மாசிமகப் பஞ்சரத பவனியைத் தகப்பனின் தோளில் அமர்ந்து பார்க்கும் இரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து, நினைவிருக்காதே, ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்பவர் யார்? கண்டிப் பெரஹராவுக்கு வீதியோரத்தில் பாய்விரித்து அமரும் குடும்பங்களில் மடிக்குழந்தை இல்லாத குடும்பம் அரிது. அந்த இடங்களில் நாம் நினைவைக் கணக்குப் பார்ப்பதில்லை. பிள்ளை ஓர் உலகத்துக்குள் வளர்கிறது என்று கொள்கிறோம். குகைக்கு வரும்போது மட்டும் அந்தக் கணக்கு எடுக்கப்படுகிறது.

அதோடு, நினைவு தானாகவே தங்குவதோ தானாகவே மறைவதோ இல்லை. பேச்சு அதை வளர்க்கிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோப் பல்கலைக்கழகத்தில் இலேன் ரீஸ் முதலிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் செய்த ஆய்வுகள், நடந்ததைப் பிள்ளையோடு விரிவாகப் பேசி, கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கும் தாய்மாரின் பிள்ளைகள் தம் கடந்தகாலத்தைச் செறிவாக நினைவுகூர்வதைக் காட்டியுள்ளன; குடும்ப வரலாற்றையும் கதையையும் பெரிதாக மதிக்கும் மாவோரி மக்களின் முதல் நினைவுகள், அதே நாட்டின் மற்றவர்களுடையவற்றைவிட இளைய வயதைச் சேர்ந்தவையாக இருப்பதும் பதிவாகியிருக்கிறது. அப்படியானால், நான்கு வயதுப் பிள்ளை குகையை மறந்துவிடுமா என்பது பிள்ளையின் வயதைவிட, வீடு திரும்பிய இரவில் அம்மம்மாவிடம் அது என்ன சொல்ல விடப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அக்குறணை, அலவத்துகொடப் பகுதியின் முஸ்லிம் குடும்பங்களில் வெள்ளிக்கிழமைகளில் ஓதப்படும் அல்கஹ்பு அத்தியாயத்தின் கதையை, இறைநம்பிக்கைக்காக ஊரைவிட்டு வெளியேறிய இளைஞர்கள் குகையொன்றில் முந்நூறு ஆண்டுகளும் அதற்குமேல் ஒன்பது ஆண்டுகளும் உறங்கியதையும் அவர்களுடைய நாய் வாசலில் முன்கால்களை நீட்டிக் கிடந்ததையும், பிள்ளைகள் மிக இளம் வயதிலேயே கேட்டுவிடுகிறார்கள். கதையை ஐந்து வயதில் கொடுத்துவிட்டு, குகையைப் பன்னிரண்டு வயதில் காட்டுவதில் என்ன ஒழுங்கு இருக்கிறது? கதை மனத்தில் உயிரோடிருக்கும் வயதில் ஒரு குகையின் வாசலையும் அதன் குளிர்ச்சியையும் காட்டினால், இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.

குகை பெரியவர்களின் இடம், பிள்ளைகள் பின்னால் அனுமதிக்கப்படுகிறவர்கள் என்ற எண்ணமே வரலாற்றுக்கு முரணானது. களுத்துறை மாவட்டத்தின் புலத்சிங்களவுக்கு அருகிலுள்ள பாஹியன்கலைக் குகையில் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மனிதர் வாழ்ந்து, குரங்கையும் அணிலையும் வேட்டையாடி உண்டதை 2019 இல் வெளியான ஆய்வு விரித்துரைத்தது. அங்கே கிடைத்த எலும்பு அம்புமுனைகள் தென்னாசியாவின் மிகப் பழைய வில்வேட்டைச் சான்றுகள் என்று 2020 இல் அறிவிக்கப்பட்டது. அந்தக் குகையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மனித எச்சங்களில் சிறுவர்களுடையவையும் இருந்தன. நெருப்பின் அருகே தவழ்ந்த பிள்ளைகள் இன்றி அந்தக் குடியிருப்பு அத்தனை தலைமுறை நீடித்திருக்க முடியாது. பிரான்சின் ரூஃபின்யாக் குகையில், மென்மையான சுவரிலும் கூரையிலும் விரல்களால் இழுத்த கோடுகளின் அகலத்தை அளந்த ஆய்வாளர்கள், அவற்றுள் பல மிகச் சிறு பிள்ளைகளுடையவை என்றும், கூரையில் உள்ள சில, பெரியவர் ஒருவர் பிள்ளையைத் தூக்கிப்பிடித்தால் மட்டுமே எட்டக்கூடியவை என்றும் கண்டார்கள். ஐந்து வயதளவான ஒரு சிறுமியின் விரல்கள் அங்கே அதிகமாகப் பதிந்துள்ளன. 1879 இல் ஸ்பெயினின் அல்தமிரா குகைக்குத் தம் எட்டு வயது மகள் மரியாவைக் கூட்டிச் சென்ற மார்செலினோ சான்ஸ் தெ சவுத்துவோலா, பழங்காலக் கருவிகளைத் தேடித் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூரையை நிமிர்ந்து பார்த்து அங்கிருந்த காட்டெருமைகளைக் கண்டவள் மகள். அறிஞர் உலகம் அந்த ஓவியங்களைப் போலியென்று தள்ளியது. கண்டனத்தில் முன்னின்றவர்களுள் ஒருவரான எமில் கார்த்தையாக் 1902 இல்தான் தம் பிழையை எழுத்தில் ஒப்புக்கொண்டார். சவுத்துவோலா அதற்கு முன்பே, 1888 இல், இறந்துவிட்டார். அந்தச் சிறுமியை வீட்டில் விட்டு வந்திருந்தால் மனித குலத்தின் கலை வரலாறு எத்தனை காலம் பிந்தியிருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

இவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. கோலாலம்பூருக்கு அருகே பத்துமலைச் சுண்ணாம்புக் குகையில், தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் முருகன் கோவில் எழுந்து, 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. 272 படிகள் ஏறி அந்தக் குகைக்குள் செல்லும் தமிழர்கள் கைக்குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் இட்டுச் சுமந்து செல்கிறார்கள். பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்களின் நேர்த்திக்கடன் அது. பலாங்கொடைக்கு அருகே கூரகலையில் உள்ள தப்தர் ஜெயிலானிக் குகைப்பள்ளியின் கந்தூரிக்கு, தீவின் பல பாகங்களிலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு மலையேறிப் போன நெடிய வழக்கமும் உண்டு. பத்துமலைக்குக் கைக்குழந்தையைத் தூக்கிச் செல்லும் சமூகம், அலுவிகாரைக்கு நான்கு வயதுப் பிள்ளையை அழைத்துச் செல்ல அஞ்சுவதற்கு மரபில் இடமில்லை. இந்த அச்சம் அண்மைக்காலத்தது. சுற்றுலா என்பது வாகனம் பிடித்து, பட்டியல் போட்டு, ஒரே நாளில் நான்கு இடங்களை முடிக்கும் வேலையாக மாறிய பிறகு வந்தது.

பிள்ளைகள் சத்தமிடுவார்கள், சுவரைத் தொட்டு ஓவியத்தைக் கெடுப்பார்கள் என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தம்புள்ளையின் ஐந்து குகைகளில் 2,100 சதுர மீற்றர் அளவுக்கு ஓவியங்கள் விரிந்திருக்கின்றன. இன்று காணப்படுபவற்றுள் பெரும்பகுதி 18 ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் காலத்தில் புதுப்பிக்கப்பட்டது, 1991 முதல் அவ்விடம் உலக மரபுரிமைச் சொத்து. அவற்றைக் காக்க வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. ஆனால் குகை ஓவியங்களுக்கு உலகில் நேர்ந்த பெருஞ்சேதங்கள் சிறு பிள்ளைகளால் நேர்ந்தவை அல்ல. பிரான்சின் லாஸ்கோ குகை 1963 இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டதற்குக் காரணம், நாளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்களின் மூச்சுக்காற்று உள்ளே சேர்ந்து சுவர்களில் பாசியும் படிவும் வளர்ந்தமை. சிகிரியாவின் ஓவியங்கள் மீது 1967 இல் சாயம் பூசிச் சிதைத்தவர்கள் பெரியவர்கள். சேதத்தைத் தடுப்பது எண்ணிக்கைக் கட்டுப்பாடும் கண்காணிப்பும். ஒரு பெரியவரின் கைக்குள் கைவைத்து நடக்கும் பிள்ளையைவிட, ஓர் ஆசிரியரின் பார்வைக்கு எட்டாமல் முண்டியடிக்கும் நாற்பது பெரிய மாணவர்களைக் கண்காணிப்பது கடினம். சத்தத்தைப் பொறுத்தவரை, அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிடும் பண்பு நம் கோவில்களிலும் விகாரைகளிலும் பள்ளிவாசல்களிலும் எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்ததே. தம்புள்ளையில் முற்றம் குகைவாசலிலேயே இருக்கிறது.

குகைகளைத் தேசியப் பூங்காக்களாக நிருவகிக்கும் நாடுகள் இந்தக் கேள்வியை வயது என்ற ஒற்றைக் கோட்டால் தீர்க்கவில்லை. 1930 இல் தேசியப் பூங்காவான நியூமெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் குகையில், பெருங்கூடம் எனப்படும் பகுதிக்கு மின்தூக்கியில் இறங்கி எந்த வயதுப் பிள்ளையோடும் நடக்கலாம்; வழிகாட்டியோடு செல்லும் அரசமாளிகைப் பகுதிக்கு நான்கு வயது நிறைந்திருக்க வேண்டும்; தவழ்ந்தும் நெளிந்தும் செல்லும் குறுகிய வழிகளுக்கு இன்னும் உயர்ந்த வயது. அங்கே வௌவால்களைப் பார்க்கவும் உள்ளே போக வேண்டியதில்லை. அந்தி வேளையில் குகைவாய்க்கு வெளியே திறந்த அரங்கில் குடும்பம் குடும்பமாக அமர்ந்து, அவை கூட்டமாகப் பறந்து வெளியேறுவதைப் பார்க்கிறார்கள். மாமத் குகையில் தள்ளுவண்டிக்கும் முதுகில் பிள்ளையைச் சுமக்கும் சட்டகத்துக்கும் அனுமதியில்லை, தாழ்ந்த கூரை பிள்ளையின் தலையில் இடிக்கும் என்பதால். மார்போடு அணைத்துச் சுமக்கலாம். முலுவில் மான் குகைக்குப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். இவையெல்லாம் ஒவ்வொரு வழியையும் தனித்தனியே எடைபோட்டு வகுக்கப்பட்ட விதிகள். இலங்கையில் குகைக்கென்றே நிறுவப்பட்ட தேசியப் பூங்கா இல்லை. குகைகள் தொல்பொருள் திணைக்களம், வனத் திணைக்களம், விகாரைகள் எனப் பல கைகளில் இருக்கின்றன. எந்தக் குகை எந்த வயதுக்கு, எந்த மாதத்தில், எந்தப் படிவரை என்று மூன்று மொழிகளிலும் தெளிவாக எழுதி வாசலில் வைப்பது அவற்றின் கடமை. அப்படி எழுதாத குறையைப் பெற்றோரின் வதந்திகள் நிரப்புகின்றன.

அலவத்துகொடவில் வாழும் குடும்பத்துக்குத் தொடங்கவேண்டிய இடம் தம்புள்ளைகூட அல்ல. 160 மீற்றர் உயரமான அந்தப் பாறையை ஐந்து வயதுக்குப் பிறகு ஏறலாம். மாத்தளை நகருக்குச் சற்று வடக்கே, அதே ஏ9 வீதியோரத்தில் இருக்கிறது அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பாவின் காலத்தில், அதுவரை பிக்குகள் மனனமாகவே காத்து வந்த பௌத்தத் திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்ட இடம் அது. 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அங்கிருந்த ஏடுகளுக்குப் பெருஞ்சேதம் ஏற்பட்டது. இன்றும் அங்கே ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரிப்பசை தடவித் துடைத்து, எழுத்துக் கறுப்பாகத் துலங்குவதைச் செய்துகாட்டுகிறார்கள். அரிச்சுவடி தொடங்கும் வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி இந்த மாகாணத்தில் வேறில்லை. பன்னிரண்டு வயதில் எழுத்து பழகிப்போன கைக்கு அந்த வியப்பு பாதியாகிவிடும். பாறையின் நெற்றியில், மழைநீர் வழிந்து உள்ளே வராமல் வெளியே சொட்டும்படி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டிய நீர்வடி விளிம்பையும் பிள்ளைக்குக் காட்டலாம். வீட்டுக்கூரையின் இறவாணத்தைப் பார்த்த பிள்ளைக்கு அது உடனே விளங்கும். அங்கே தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு: நரகத் தண்டனைகளைச் சிலைகளாகவும் ஓவியங்களாகவும் கொண்ட குகை. அதைப் பெரியவர்கள் தனியே பார்த்துக்கொள்ளட்டும். இரவில் கனவாக வருவது அத்தகைய காட்சிகளே.

ஆகவே பெற்றோரிடமும், முதலாம் இரண்டாம் தரப் பிள்ளைகளின் ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: சிகிரியா, தம்புள்ளை, பொலன்னறுவை என்று ஒரே நாளில் ஓடிமுடிக்கும் சுற்றுலாவுக்காகப் பிள்ளையை ஏழெட்டு ஆண்டுகள் காத்திருக்க வைக்காதீர்கள். ஒரு குகையை மட்டும் தேர்ந்தெடுங்கள், மழையில்லாத மாதத்தில், வெயில் ஏறுமுன், வாசலில் உட்கார நேரம் ஒதுக்கி. அலவத்துகொடச் சந்தியில் காலை ஏழு மணிக்குத் தம்புள்ளைப் பக்கம் போகும் பேருந்தில் ஏறினால், அலுவிகாரையைப் பார்த்துவிட்டுப் பகற்சாப்பாட்டுக்கு முன் வீடு திரும்பிவிடலாம்.